காலையில் திணறும் டீசல் கார்: ஹீட்டர் பிளக்கை மாற்றும் முன்

[விடியற்காலை, கடலூர் தேவனாம்பட்டினம். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வாசல். பழைய டீசல் கார். செல்ஃப் அடிக்கும் சத்தம்.]

கேட்டீர்களா? செல்ஃப் வேகமாகத்தான் சுற்றுகிறது. ஆனாலும் இன்ஜின் பிடிக்க ஏழெட்டு விநாடி ஆகிவிட்டது. பிடித்த பிறகும் ஒரே உதறல், பின்னால் வெள்ளைப் புகை. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. மார்கழி பிறந்தால் இந்தக் குறையோடு வருகிற வண்டிகள் கூடும். "ஹீட்டர் பிளக் போயிடுச்சு, நாலையும் மாத்திடுங்க" என்று முடிவோடே வருவார்கள். தயவுசெய்து சோதிக்காமல் மாற்றாதீர்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் வாங்கிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டுவதுதான் ஹீட்டர் பிளக். அதன் முனை சில விநாடிகளில் 800 டிகிரியைத் தாண்டிச் சிவக்கும். பழைய அம்பாசிடர் டீசலுக்கு இது இல்லாமல் காலையில் பெரும்பாடு. காமன் ரயில் இன்ஜின், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புது வகை, அப்படியல்ல. நம் ஊரில் தை மாத விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள காமன் ரயில் இன்ஜின் அந்தக் குளிரில் பிளக்கின் துணை இல்லாமலே பெரும்பாலும் பிடித்துவிடும். இந்த வண்டி நிறைய ஓடித் தேய்ந்தது, அதனால் துணை கேட்கிறது.

[புகைக்குழாய், நெருக்கத்தில்.]

முதலில் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகையோடு டீசல் வாடை மூக்கில் ஏறினால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) பக்கம் போகலாம். செல்ஃப் அடிக்க அடிக்கப் புகையே இல்லையா? டீசலே போகவில்லை. ராத்திரி எங்கோ காற்று இழுத்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். ஃபில்டர் பக்கம் கைப்பம்பு இருந்தால், சாவி போடும் முன் அது இறுகும்வரை அமுக்குங்கள். உடனே பிடித்தால், ஹோஸிலும் வாஷரிலும் காற்று இழுக்கும் இடத்தைத் தேடுங்கள். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரிதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், மற்றதெல்லாம் அப்புறம்.

டாஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள். பல வண்டிகளில் பிளக் செத்திருந்தாலும் அது எரியும். சோதனையையும் விடியலிலேயே செய்யுங்கள். இன்ஜின் சூடாக இருந்தால் பல வண்டிகளில் பிளக்குக்குக் கரண்டே போகாது.

[மல்டிமீட்டர் திரை.]

பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டேன். ஒரு முனை பிளக் தலையில், மறுமுனை இன்ஜின் இரும்பில். 0.9, 1.0, 0.9, 1.1 ஓம். நாலும் நலம். எரிந்துபோன பிளக் என்றால் மீட்டர் அளவே காட்டாது. சரி, பட்டைக்குக் கரண்டு வருகிறதா? சாவியைத் திருப்புகிறோம். பூஜ்யம்.

[ஃபியூஸ் பெட்டி.]

இதோ. பெரிய ஃபியூஸின் காலடியில் பச்சைப் பூ பூத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. உப்புக் காற்றின் வேலை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். சுத்தம் செய்து முனையை இறுக்கியதும், பட்டையில் 12 வோல்ட் வந்துவிட்டது. புதுப் பிளக் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பிளக்கே போயிருந்தால் குளிர்ந்த இன்ஜினில் முறுக்கிவிடாதீர்கள். துரு பிடித்த பிளக் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேரிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் நிறுத்துங்கள். பிடிவாதம் வேண்டாம். அப்புறம், ஸ்டார்ட் ஆவதற்காகக் காற்றுக் குழாயில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். சிவந்திருக்கும் பிளக்கில் அது நேரம் தவறிப் பற்றும், பிஸ்டனே உடையலாம்.