டிரெய்லர் பிரேக்: முன்னாடி கம்பியை முடுக்காதீங்க, சக்கரத்துலருந்து ஆரம்பிங்க

வணக்கம் மக்களே. காட்பாடியிலருந்து குடியாத்தம் போற ரோட்டோரம் ஒரு பட்டறையில நிக்கிறேன். பின்னாடி ஸ்டாண்டு மேல நிக்குது பாருங்க, ஜெனரேட்டர் டிரெய்லர். ஒரே அச்சு, ரெண்டு சக்கரம், ஜெனரேட்டரோட சேர்த்து 1500 கிலோ. வைகாசி பொறந்தா கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு இந்த மாதிரி வண்டிங்க குடியாத்தம் பக்கம் போய்க்கினே இருக்கும். அப்புறம் ஊருக்கு ஊர் திருவிழா, கல்யாணம். எல்லாமே கத்திரி வெயில்ல ஓடுற ஓட்டம். அதனால இன்னிக்கு இந்த பிரேக்கை மட்டும் முழுசா பார்த்துடலாம்.

இதுல இருக்கறது ஓவர்ரன் பிரேக். சர்ஜ் பிரேக்னும் சொல்லுவாங்க. இழுக்கற வண்டியில நீங்க பிரேக் மிதிச்சா, டிரெய்லர் வந்த வேகத்துல முன்னாடி தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளு தான் இந்த பிரேக்கை மிதிக்கிற காலு. தோ டிரெய்லரை வண்டியோட மாட்டற இந்த கப்ளிங் இருக்கு பாருங்க, தள்ளு வந்ததும் இது குழாய்க்குள்ள பின்னால நழுவும். நழுவி, பிரேக் ஆயில் இருக்கற மாஸ்டர் சிலிண்டரோட புஷ் ராடை, அதாவது உள்ள பிஸ்டனைத் தள்ற கம்பியை அமுக்கும். ஆயில் போய், சக்கரத்தோட சுத்தற ரெண்டு டிரம்லயும் உள்ள இருக்கற ஷூவை, அதாவது உரசி நிறுத்தற வளைஞ்ச தகடை விரிக்கும். ஏர் டேங்க் கிடையாது, டிரைவர் சீட்டுல தனி லீவர் கிடையாது.

இப்ப தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றேன். ஓட ஓட ஷூ மேல ஒட்டியிருக்கற லைனிங் தேயுது, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவுல கேப் அதிகமாகுது. கப்ளிங் ரொம்ப தூரம் நழுவி, அப்பால தான் பிரேக் புடிக்குது. டிரைவருக்கு பின்னாலருந்து யாரோ இடிச்ச மாதிரி தட்டுனு ஒரு அடி. உடனே என்ன பண்றாங்க? முன்னாடி வந்து புஷ் ராடை ரெண்டு சுத்து முடுக்கி விட்டுடறாங்க. அன்னிக்கு பிரமாதமா புடிக்கும். கொஞ்ச தூரம் நல்லா ஓட்டினதும் சக்கரத்துலருந்து கருகின வாசனை வரும்.

ஏன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஊசி முனை அளவுல ஒரு ஓட்டை இருக்கு. பிரேக் விட்டதும் பிஸ்டன் பின்னாடி வந்து அந்த ஓட்டையைத் திறக்கும், அது வழியா ஆயில் மேல டப்பாவுக்குத் திரும்பும். நீங்க ராடை முடுக்கினா பிஸ்டன் கொஞ்சம் முன்னாடியே நின்னுடும், ஓட்டை மூடினபடியே இருக்கும். லைன்ல இருக்கற ஆயில் சூட்டுல விரியும், ஆனா திரும்பிப் போக வழியில்ல. விரிஞ்ச ஆயில் ஷூவை இன்னும் தள்ளும், ஷூ உரசி இன்னும் சூடேறும், ஆயில் இன்னும் விரியும். கடைசியில யாருமே பிரேக் தொடாம சக்கரம் ஜாம். முடுக்கினது முன்னாடி, எரியறது பின்னாடி. அதனால தான் பல பேருக்கு ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தெரியல.

புஷ் ராடு நுனிக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல பொதுவா 1 மில்லிமீட்டர் மாதிரி இடம் இருக்கணும். ராடைப் புடிச்சு ஆட்டினா லேசா டிக் டிக்னு ஆடணும். உங்க வண்டிக்கு கம்பெனி தனி அளவு குடுத்திருந்தா அதையே வைங்க. அந்த இடம் இருந்துச்சுன்னா ராடைத் தொடவே தொடாதீங்க. சரி பண்ண வேண்டியது சக்கரத்துல.

வாங்க, சக்கரத்துக்குப் போவோம். தரை சமமா இருக்கணும். டிரெய்லர் முன்னாடி இழுக்கற சட்டம், அந்த டோ பாருக்கு முட்டு குடுத்துட்டு, கப்ளிங்கை முன்னாடி முழுசா இழுத்து விடுங்க. ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. ஒரு பக்கம் தூக்கறப்ப எதிர்ப் பக்க சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை. ஜாக்கியால தூக்கினதும் அச்சுக்குக் கீழ ஸ்டாண்டு வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள கையையோ தலையையோ விடாதீங்க, தயவுசெஞ்சு.

பிரேக்கைத் தொடறதுக்கு முன்னாடி டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடுச்சுன்னா ஹப் பேரிங் லூசு. மொதல்ல அதை முடிங்க. பேரிங் ஆடறப்ப டிரம் கோணலா சுத்தும், நீங்க வைக்கிற எந்த கேப்பும் நிக்காது.

இப்ப சக்கரத்துக்கு உள்பக்கம், டிரம்மை மூடியிருக்கற பேக்கிங் பிளேட் தகட்டுல சின்னதா ஒரு ரப்பர் மூடி. அதை எடுத்தா உள்ள பல்லுப் பல்லா ஸ்டார் வீல் தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால ஒவ்வொரு பல்லா தள்ளணும். எந்தப் பக்கம் தள்ளினா ஷூ விரியும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், அதனால நாலு பல்லு தள்ளிட்டு சக்கரத்தைச் சுத்திப் பாருங்க, இறுகுதா லூசாகுதான்னு கையே சொல்லும். சுத்தறது எப்பவும் வண்டி முன்னாடி ஓடற திசையில தான். இது முக்கியம். ரிவர்ஸ்ல தானா விட்டுக் குடுக்கற டிரம்மா இருந்தா, பின்னாடி சுத்தறப்ப ஷூ விலகிக்கும். அந்த நிலையில அட்ஜஸ்ட் பண்ணா, முன்னாடி ஓடறப்ப ஷூ டிரம்மைக் கவ்விடும்.

கையால சுத்தவே முடியாத அளவுக்கு இறுக்குங்க. அப்புறம் கப்ளிங்கை ரெண்டு மூணு தடவை கடப்பாரையால நெம்பி உள்ள தள்ளி விடுங்க, ஷூ டிரம்முக்கு நடுவுல ஒழுங்கா உக்காரும். சக்கரம் லூசாகியிருந்தா மறுபடி இறுக்குங்க. இப்ப 8லருந்து 10 பல்லு வரைக்கும் பின்னாடி தளர்த்துங்க. கேளுங்க, மைக்கை கிட்ட வைக்கிறேன்... ஸ்ஸ்... ஸ்ஸ்... கேக்குதா? லேசா ஒரு உரசல், ஆனா சக்கரம் தாராளமா சுத்துது. இந்தச் சத்தம் தான் கணக்கு. உரசல் அழுத்தமா இருந்தா இன்னும் ரெண்டு பல்லு விடுங்க. அடுத்த பக்கமும் இதே மாதிரி, இதே சத்தம் வர்ற வரைக்கும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இடது ஷூ டைட்டு, வலது லூசுன்னு வைங்க. பிரேக் புடிக்கறப்ப இடது சக்கரம் மொதல்ல நிக்கும், டிரெய்லர் மூக்கு இடது பக்கம் இழுக்கும். லாரி பக்கத்துல உரசற மாதிரி போற பெங்களூர் ஹைவேல இது நடந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்க லைனிங்ல கிரீஸ் ஒழுகியிருந்தாலும் இதே கதி. கிரீஸ் ஊறின ஷூவைத் துடைச்சுப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

ஆனா ஒண்ணு. பிரேக்கே தொடாம, சும்மா 60ல போறப்பவே வால் ஆடுதுன்னா அது பிரேக் கோளாறு இல்ல, லோடு கோளாறு. மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம் கப்ளிங் மேல உக்காரணும். 1500 கிலோவுக்கு 150லருந்து 225 கிலோ. அளக்கறது சுலபம். அரிசி மண்டியில மூட்டை போடற எடை மேடையை வாங்கிட்டு வந்து, மேல கட்டை வச்சு, வண்டியில மாட்டுற அதே உயரத்துல கப்ளிங்கை அது மேல இறக்குங்க. 150 கிலோ கூட வரலன்னா ஜெனரேட்டரைக் கொஞ்சம் முன்பக்கமா நகர்த்துங்க. டீசல் பேரலைப் பின்னாடி கட்டறவங்க இருக்காங்க, அது தான் வாலை ஆட்டும். மூக்கு மேல தூக்கினபடி நின்னாலும் ஆடும், கப்ளிங் உயரத்தை சமமா வைங்க. ரெண்டு டயர்லயும் காத்து ஒரே அளவு. ஓடறப்ப ஆட ஆரம்பிச்சுட்டா பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை நேரா புடிச்சு ஆக்சிலேட்டரை விடுங்க, தானா அடங்கும்.

சக்கரம் ஜாம் ஆகி வழியில நின்னுட்டா எங்க கோளாறுன்னு கண்டுபுடிக்க ஒரு வழி. ஜாம் ஆன சக்கரத்துல பிளீடிங் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காத்தையும் வெளிய விடற திருகை லேசா திறங்க. ஆயில் பீச்சி அடிச்சு சக்கரம் விட்டுச்சுன்னா, உள்ள பிரஷர் மாட்டியிருக்கு. நிப்பிளை மூடிடுங்க. ரெண்டு சக்கரமும் ஜாம்னா மாஸ்டர் சிலிண்டரையும் புஷ் ராடையும் பாருங்க. ஒரே சக்கரம்னா அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கும், ஆயில் போகும், திரும்பாது. நிப்பிள் திறந்தும் சக்கரம் விடலன்னா ஷூ ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், இல்ல டிரம்முக்குள்ள ஷூவைத் தள்ற வீல் சிலிண்டர் துருப் புடிச்சிருக்கும். இன்னொண்ணும் பாருங்க: வண்டி கழண்டா பிரேக் புடிக்கறதுக்குன்னு ஒரு பாதுகாப்பு ஒயர் வருது. அதை நீளம் பத்தாம கட்டினா வளைவுல இழுபட்டு பிரேக் லாக் ஆகி அப்படியே நிக்கும்.

கப்ளிங் குழாயும் துருவுல ஒட்டிக்கும். தள்ளு போன அப்புறமும் முன்னாடி வராம உள்ளயே நின்னா, பிரேக் புடிச்சபடியே தான் வண்டி ஓடும். கிரீஸ் நிப்பிள்ல கிரீஸ் அடிங்க. கையால அமுக்கினா தடை இல்லாம சளக்குனு போச்சுன்னா உள்ள இடியைத் தாங்கற டாம்பர் செத்துடுச்சு. எவ்ளோ நல்லா ஷூ வச்சாலும் இடி நிக்காது, மாத்தியே ஆகணும்.

ஆயில் விஷயம். ஆயில் டப்பா மூடியில பிரேக் ஆயில் வகை போட்டிருக்கும். டாட் 3ன்னு இருந்தா டாட் 3, டாட் 4ன்னு இருந்தா டாட் 4. டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலை ஊத்தறாங்க, அது கூடவே கூடாது. உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் ஊதிப் போயிடும், அப்புறம் சிலிண்டர் ரப்பர் கிட், ஹோஸ் எல்லாத்தையும் மாத்தணும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140லயே கொதிக்கலாம். கொதிச்சா ஆவி, ஆவியை அமுக்கினா பிரேக் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. ஆயில் லைன்ல இருக்கற காத்தை வெளிய எடுக்கறப்ப ஆயில் பைப் நீளமா போற சக்கரத்துலருந்து ஆரம்பிங்க.

மலை இறக்கத்துக்கு வர்றேன். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுல ஜெனரேட்டர் இறக்கறவங்க இதைக் கேட்டுக்கோங்க. 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கற ரோடுன்னு வச்சுக்குவோம். 1500 கிலோ டிரெய்லர் சுமார் 90 கிலோ பலத்தோட முன்னாடி தள்ளிக்கினே வரும். நீங்க லோ கியர்ல, பிரேக்கே தொடாம வந்தாலும் டிரெய்லர் பிரேக் லேசா புடிச்சபடியே தான் இறங்கும். அதைத் தடுக்க வழியில்ல, இந்த பிரேக்கோட குணமே அது. டிரம் சூட்டுல விரியும், ஷூ துரத்திக்கினு போகணும், கப்ளிங் இன்னும் உள்ள நழுவும். அதோட எல்லை தீர்ந்துட்டா அப்புறம் டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. அதனால மேலயே கியரைக் குறைங்க, மெதுவா இறங்குங்க, பாதியில இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்க. சூடான டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க, வார்ப்பு இரும்பு விரிசல் விடும். ஹேண்ட் பிரேக் போட வேணாம், கட்டை வைங்க.

வேலை முடிஞ்சதும் காலி ரோட்டுல 30 கிலோமீட்டர் வேகத்துல நாலஞ்சு தடவை பிரேக் புடிச்சுப் பாருங்க. அப்புறம் பிரேக் அதிகம் போடாம 5 கிலோமீட்டர் ஓட்டிட்டு, ரெண்டு டிரம் மேலயும் விரலால ஒரு சொட்டுத் தண்ணி தெளிங்க. சுர்ருனு ஆவியாச்சுன்னா அந்தப் பக்கம் ஷூ உரசுது, ரெண்டு பல்லு விடணும். நிழல்ல நிறுத்திப் பாருங்க. கத்திரி வெயில்ல வெயில் படற பக்கம் சும்மாவே சூடா இருக்கும், ஏமாந்துடுவீங்க. புது ஷூ போட்டிருந்தா 300 கிலோமீட்டர்ல மறுபடி ஒரு தடவை பல்லு பாருங்க, லைனிங் டிரம்முல படிஞ்சு கேப் மாறியிருக்கும்.

ரிவர்ஸ் எடுக்கறப்ப கப்ளிங் நழுவாம லாக் பின் போடற வண்டி இருக்கு. பின் போட்டு ரிவர்ஸ் எடுத்தீங்கன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி இறங்கி வந்து அதைக் கழட்டிடுங்க. பின் இருக்கற வரைக்கும் டிரெய்லருக்கு பிரேக் வேலையே செய்யாது.