யன்னல் கண்ணாடியும் இலை தின்னும் புழுவும்

வணக்கம் நேயர்களே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் திருகோணமலையில் நண்பகல் வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும். நாங்கள் குடை பிடிக்கலாம். முற்றத்து மாமரம்? இலையின் மேற்தோலில் பிளேவனொயிட்டு முதலான பீனோல் சேர்வைகளை, அதாவது தானே செய்யும் இரசாயனப் பொருள்களை, சேர்த்துவைக்கும். புற ஊதாக் கதிரில் 280 முதல் 315 நனோமீற்றர் வரையுள்ள ‘பி’ பகுதியை அவை மேலேயே மறித்துவிடும். அந்தக் கதிரை உணரவென்றே யூவிஆர்8 என்ற புரதம் இலையில் இருக்கிறது.

இச்சேர்வைகளில் பல துவர்ப்பு, கைப்பு. வெயிலுக்குப் போட்ட தடை புழுவுக்கும் தடையாகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியில், தியரா தெல் புவேகோவில், இக்கதிரை மறித்து வளர்த்த செடிகளைப் பூச்சிகள் கூடுதலாகத் தின்றன. எல்லாப் புழுவும் இப்படியல்ல. தேசி இலையிலேயே பிறந்து வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு அந்த மரத்தின் நஞ்சு பழகிப்போன சாப்பாடு.

வீட்டிலேயே பார்க்கலாம். சாதாரண யன்னல் கண்ணாடி ‘பி’ கதிரைப் பெரும்பாலும் மறிக்கும்; மெல்லிய தெளிந்த பொலித்தீன் விடும். பசுமைக்கூடத்துப் பொலித்தீன் வேண்டாம், அதில் கதிரை மறிக்கும் மருந்து கலந்திருக்கும். பயற்றங்கன்றுகளை இரண்டு பங்காக்கி, ஒன்றின் மேல் கண்ணாடி, மற்றதன் மேல் பொலித்தீன். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். மூடினால் வெக்கை ஏறி, நீங்கள் அளப்பது வெக்கையைத்தான். கடற்கரை வீடென்றால் உப்புப் படியும், இரண்டையும் அடிக்கடி துடையுங்கள்.

கண்ணாடிக்கும் பொலித்தீனுக்கும் கீழே புதிதாக விரிந்த இலைதான் கணக்கு. பழைய இலை உதவாது. திரும்பவும் சொல்கிறேன், பழைய இலை உதவாது. இரண்டிலும் ஒரே கணுவின் இலையில் நாணயமளவு வட்டம் வெட்டி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் எதிரெதிரே வையுங்கள். பல பயிரும் தின்னும் வெட்டுப்புழு ஒன்றைச் சில மணிநேரம் பட்டினி போட்டு நடுவில் விட்டு, எந்த வட்டத்தைக் கூடுதலாகத் தின்கிறது என்று பாருங்கள். ஒரு புழுவை நம்பக்கூடாது, குறைந்தது பத்துப் புழு வேண்டும். தாள் காய்ந்தால் இலை வாடும், முடிவு குழம்பும்.

நேரம் முடிகிறதாம். நாற்றுமேடைக்காரருக்கு ஒன்று: நிழல் வலைக்குள் வளர்ந்த கன்றைக் கச்சான் காற்றில், முழு வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும். முதலில் காலை வெயில் மட்டும். பிறகு நாளுக்கு நாள் கூட்டி, இரண்டு கிழமைக்குப் பின் முழு வெயில். வெயிலில் விரிந்த புது இலை இரண்டு மூன்று வந்ததும் நடுங்கள்.