ஜூலை மாதக் கோப்பையும் நிமிடக் கணக்கும்

நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் கிளப் நிர்வாகிகளே, பயிற்சியாளர்களே, ஆட வந்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் தங்குகிற நாட்கள் இவைதான். அதனால்தான் கால்பந்து டோர்ணமென்ட்டுகளும் இப்போது களைகட்டுகின்றன. இதே ஜூலையில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளும் லீக் தொடங்கும் முன் கடல் கடந்து போய் நட்புக் கோப்பைகளில் ஆடுகின்றன. அந்த ஆட்டங்களில் ஸ்கோரைப் பார்க்கிற நாம், பயிற்சியாளர் கையில் இருக்கும் தாளைப் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருப்பது கோல் அல்ல, ஒவ்வொருவரும் ஆடும் நிமிடம்.

2013 முதல் 2019 வரை நடந்த இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப் என்ற நட்புக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் மிச்சிகன் ஸ்டேடியத்தில் மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட்டை 3-1 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் 1,09,318 பேர். கோப்பையும் யுனைடெட்டுக்கே. இரண்டே வாரத்தில் லீக்கின் முதல் ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில். ஸ்வான்சியிடம் 1-2 என்று தோற்றது. 2019 ஜூலையில் ரியல் மாட்ரிட் அட்லெட்டிகோவிடம் 3-7 என்று அடி வாங்கியது. அந்த சீசனில் ஸ்பெயினின் லீக்கான லா லிகா பட்டம் வென்றது யார்? அதே ரியல் மாட்ரிட்தான்.

சரி, நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது? 22 பேர் கொண்ட அணிக்கு நான்கு ஆட்டம் என்று வையுங்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பாதிக்கு ஒரு பதினொருவர். யாருக்கும் 45 நிமிடத்துக்கு மேல் கிடையாது. இரண்டாவதில் 60. மூன்றாவதில் 75. நான்காவதில்தான், அதுவும் லீக் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, முக்கிய பதினொருவருக்கு 90. ஒரே ஆள் முக்கால்வாசி நேரம் ஆடும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே 72 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது நாள் வேறு ஆட்களை இறக்குங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கும் விகிதம் இதுதான்: முதலில் பாதி, பிறகு மூன்றில் இரண்டு, கடைசியில் முழு ஆட்டம்.

இதை நம் ஊரில் ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? வாரக்கணக்கில் படகில் இருந்து வருகிறவருக்குத் தோளும் கையும் முதுகும் இரும்பாக இருக்கும். ஆனால் அத்தனை நாளும் அவர் கால் ஒருமுறைகூட முழு வேகத்தில் ஓடியிருக்காது. ஆளைப் பார்த்தால் பலசாலி, மூச்சும் தாங்கும். அதை நம்பி முதல் ஞாயிற்றுக்கிழமையே முழு ஆட்டம் ஆடவிட்டால், எழுபதாவது நிமிடத்தில் பின்பக்கத்துக்குப் போன பந்தைத் துரத்தும்போது தொடையின் பின்தசை கிழிகிறது. ஹேம்ஸ்ட்ரிங் என்று நாம் சொல்லும் இந்தக் காயம் பெரும்பாலும் மோதலில் வருவதில்லை. முழு வேகத்தில் கால் முன்னே நீளும்போது, களைத்த தசை அந்த இழுப்பைத் தாங்காமல் வருவது. லேசான கிழிசலுக்கே மூன்று வாரம்வரை போய்விடும். தடைக்காலம் முழுவதுமே ஒன்பது வாரம்கூட இல்லை.

இதற்கு நார்டிக் பயிற்சி இருக்கிறது, செலவே இல்லாதது. மடித்த துணிமேல் முழங்காலிட்டு நில்லுங்கள். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். தலை முதல் முழங்கால்வரை உடம்பு ஒரே கோடாக இருக்க, மெதுவாக முன்னால் சாயுங்கள். பின்தொடை இனித் தாங்காது என்கிற இடத்தில் கையை ஊன்றி விழுந்துவிடலாம். புதிதாகச் செய்பவருக்கு 3 முதல் 5 முறை போதும். நம் பிள்ளைகள் செய்யும் தவறு இடுப்பை மடக்குவது; மடக்கினால் பின்தொடைக்குப் போகவேண்டிய சுமை குறைந்துவிடும். முதல் தடவை செய்தால் இரண்டு மூன்று நாள் வலிக்கும். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஆரம்பிக்க வேண்டாம். ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப்பில் இதுவும் ஒன்று. மொத்தம் 20 நிமிடம்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிட பலம், சமநிலைப் பயிற்சிகள், 2 நிமிட வேக ஓட்டம். ஆட்ட நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்தால் போதும்.

மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில் விதி நமக்குச் சாதகம். நட்பு ஆட்டத்தில் எத்தனை பேரை மாற்றலாம் என்று இரண்டு அணியும் பேசி முடிவு செய்து, ஆட்டம் தொடங்கும் முன் ரெஃபரியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு பேர்தான். வாய்ப்பேச்சாக விட்டுவிட்டு ஏழாவது ஆளை அனுப்பும்போது கோட்டருகே சண்டை வருகிறது. ஒரு தாளில் எழுதி இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போடட்டும்.

மைதானம் பற்றி. 2016 ஜூலை 25 அன்று பெய்ஜிங்கில் மான்செஸ்டரின் இரண்டு கிளப்புகளும் மோத வேண்டிய ஆட்டம், மழையில் தரை கெட்டுப்போனதால் அன்றைக்கே ரத்தானது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்திலேயே அப்படி. நமக்கோ தென்மேற்குப் பருவமழை நடுவில் கோப்பை. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு பந்தை எடுத்துக்கொண்டு இரண்டு கோல் முகப்பு, இரண்டு பெனால்டி புள்ளி, நடுவட்டம் ஆகிய ஐந்து இடங்களில் தலை உயரத்திலிருந்து போடுங்கள், பிறகு உருட்டியும் பாருங்கள். எழும்பாமல் ஒட்டிக்கொண்டால், அல்லது தண்ணீரில் நின்றுவிட்டால், அந்த இடத்தைச் சரிசெய்யும்வரை ஆட்டம் வேண்டாம். தேங்கிய தண்ணீர்மேல் அப்படியே மணலைக் கொட்டுவது பெரிய தப்பு. மேலே காய்ந்ததுபோல் தெரியும், கீழே சேறு இருக்கும். பூட்ஸின் அடியிலுள்ள ஸ்டட் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, முழங்கால் திரும்பாது. முதலில் தண்ணீரை வழித்து வெளியேற்றுங்கள், பிறகு மெல்லிய அடுக்காக மணல்.

போட்டி முறையைச் சொல்லிவிடுகிறேன். தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறை சீசனுக்கு முந்தைய கோப்பைக்கு ஒவ்வாது. ஒரு ஆட்டத்தோடு எட்டில் நான்கு அணி வீட்டுக்குப் போய்விடும். அவர்களுக்கு நிமிடம் எங்கிருந்து வரும்? நான்கு அணிக்கு ஒரு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆட்டம் என்று வையுங்கள். இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப்பில் டிரா ஆனால் பெனால்டி; அதில் ஜெயித்தவருக்கு 2 புள்ளி, தோற்றவருக்கு 1. லண்டனில் ஆர்சனல் நடத்தும் எமிரேட்ஸ் கப்பில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னால் கூட்டமாக நின்று தடுத்து ஆடுவதில் லாபமில்லாமல் போனது. இரண்டையும் சேர்த்தே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து கூப்பிட்டு ஆடவைக்கும் கெஸ்ட் பிளேயர் விஷயத்தில் என் கருத்து கறாரானது. பரிசுத்தொகைக்கான செவன்ஸில் கூப்பிடுங்கள், குறை சொல்லமாட்டேன். இந்தக் கோப்பைக்கு வேண்டாம். வெளியிலிருந்து வந்தவர் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளூர்ப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்காரும் நிமிடம். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கான ஐ.எஸ்.எல். வரை போய் ஆடியிருக்கிறார். அந்த வழியில் அடுத்தவர் போக, ஆட இடம் வேண்டும்.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிமிடத் தாள் தருகிறோம். பெயர், இறங்கிய நிமிடம், வெளியே வந்த நிமிடம், ஆட்டத்துக்கு முன் எடை, பின் எடை, வலி எங்கே என்று ஆறு கட்டம். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர்வரை உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறோ கஞ்சித் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக அன்றைக்கே உள்ளே போகவேண்டும். வலிக் கட்டத்தில் பின்தொடை என்று எழுதியவரை அடுத்த ஆட்டத்தின் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.