அந்தப் பேரை மைக்ல சொல்லணும்

நெல்லை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கோயில் கொடைகள்ல ரொம்ப வருசமா லீட் கிட்டார் வாசிக்கிறவன் நான், இன்னைக்கு ரெண்டு கச்சேரியப் பத்திச் சொல்லுதேன்.

முதல் கச்சேரி 1992 ஏப்ரல் 20, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல. குயின்னு இங்கிலாந்து ராக் குழுவுல பாடின ஃப்ரெடி மெர்க்குரி எய்ட்ஸ்ல இறந்து அஞ்சு மாசம் கூட ஆகல, அவர் நினைவா வச்சது, 72 ஆயிரம் சனம். அவர் சான்சிபார்ல பிறந்த பார்சி, பள்ளிக்கூடம் படிச்சது நம்ம பாஞ்ச்கனியில. தனக்கு எய்ட்ஸ்னு ஊரறியச் சொன்னது 1991 நவம்பர் 23, மறுநாளே உயிர் போயிட்டு.

சவுதியிலருந்து வந்த அண்ணன் ஒருத்தர் கொண்டாந்த வீடியோ கேசட்லதான் நான் பாத்தேன். குயின் குழுவோட கிட்டார்காரர் பிரையன் மே கையில இருந்தது அவரும் அவங்க அப்பாவும் சேந்து வீட்லயே செஞ்ச கிட்டார், கழுத்துப் பகுதி ஒரு பழைய கணப்படுப்போட மரம், தந்தியத் தட்டுறது ஆறு பென்ஸ் காசு வச்சு, அதப் பாத்துட்டு நானும் ஒரு வாரம் நாலணா வச்சு வாசிச்சுப் பாத்தேன். கூட்டாளியப் பறிகொடுத்த மனுசன் அத்தனை விருந்தாளிக்கும் பக்கத்துல நின்னு வாசிக்காரு. ஜார்ஜ் மைக்கேல் வந்து பாடினாரு பாருங்க, அந்தக் குரல்ல ஒரு தவிப்பு இருக்கும், ஏன்னு அப்போ தெரியல. தனக்கு உயிரான ஒருத்தருக்கும் அதே நோயிங்கிற பயத்தோடதான் அன்னைக்கு மேடை ஏறினதா அவரே பின்னால சொன்னாரு. நடுவுல ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் வந்து எய்ட்ஸ் பத்தி ஒளிவுமறைவில்லாம பேசினாவ. வந்த பணத்துல எய்ட்ஸ எதிர்த்து வேலை செய்ய மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் ஆரம்பிச்சாவ, இன்னும் நடக்கு.

ரெண்டாவது கச்சேரி நம்ம பாளையங்கோட்டையில, ஒரு சின்ன மண்டபத்துல. எங்க குழுவுல ஆக்டோபேட், அதாவது குச்சி வச்சுத் தட்டுற எலக்ட்ரானிக் டிரம், வாசிச்ச தம்பி எய்ட்ஸ்ல இறந்தப்ப எல்லாரும் காய்ச்சல்னே சொன்னோம், நானும்தான் சொன்னேன். இந்தியாவுல இந்தக் கிருமிய முதல்ல கண்டுபிடிச்சதே 1986ல நம்ம சென்னையிலதான், டாக்டர் சுனிதி சாலமன் குழு, ஆனா அத்தனை வருசம் கழிச்சும் எங்க வாயில அந்தப் பேரு வரல. எழவு வீட்ல தண்ணி வாங்கிக் குடிக்கக்கூட ஆள் யோசிச்சாவ. அது எனக்கு இன்னும் ஆறல.

அந்தத் தம்பியோட பிள்ளைகள் படிப்புக்காகக் கச்சேரி வைப்போம்னு முடிவாச்சு. தென்காசியிலருந்து ஒரு மூத்த கிட்டார்காரர், நாங்க எல்லாரும் யாரப் பாத்துக் கத்துக்கிட்டோமோ அவரு, பஸ் காசு கூட வாங்காம கிட்டாரத் தோள்ல போட்டுட்டு வந்தாரு. மேடைக்குப் போறதுக்கு முன்னால தம்பி பொண்டாட்டி அவர்கிட்ட போய், "அண்ணாச்சி, அவருக்கு என்ன நோயின்னு மைக்ல சொல்லிட்டு வாசிங்க, பிள்ளைகளுக்குத் தெரியும், நான் சொல்லிட்டேன், இனி ஒளிக்க மாட்டேன்"னு சொல்லிச்சு.

அண்ணாச்சி மைக்கப் பிடிச்சு எய்ட்ஸ்னு சொன்னாரு. இப்ப மாத்திரை இருக்கு, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில ஏ.ஆர்.டி.ங்கிற எய்ட்ஸ் மருந்து சென்டர்ல காசில்லாமக் குடுக்காவ, விடாம சாப்பிட்டா நல்லா வாழலாம், யாருக்கும் சந்தேகம்னா போய் டெஸ்ட் எடுங்கன்னாரு. மண்டபம் கப்சிப்னு ஆயிட்டு. பிறகு அந்தத் தம்பிக்குப் பிடிச்ச பாட்ட எடுத்தாரு, ஆக்டோபேட ஸ்டாண்டுல அப்படியே வச்சிருந்தோம், யாரும் தொடல. பாட்டு பாதியில அவனோட மூத்த பய எந்திரிச்சு வந்து, குச்சிய எடுத்து, தாளம் போட ஆரம்பிச்சான்.