தினைப்புனமும் திணை இலக்கணமும்

வணக்கம் நேயர்களே. இன்றைய தலைப்பைக் காதால் மட்டும் கேட்டால் குழப்பும். அதனால் முதலில் எழுத்தைச் சொல்லிவிடுகிறேன். தினை, றன்னகரம் போட்டது: மாவிடித்துத் தேன் விட்டுப் பிசைந்து தின்கிற தானியம். திணை, டண்ணகரம் போட்டது: காதல் பாட்டை நிலத்தோடு சேர்த்துக் குறிஞ்சி, முல்லை என்று தொல்காப்பியம் வகுத்த பாகுபாடு. முன்னது வள்ளி காவல் காத்த பயிர். பின்னதைக் கையில் வைத்துக்கொண்டு 'வள்ளி திருமணம்' நாடகத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் பேச்சு.

மதுரைச் சீமையில் இந்த நாடகத்துக்கு அறிமுகம் தேவையில்லை. கோயில் திடலில் பாயை விரித்துப் போட்டு, பபூனும் டான்ஸும் சிரிக்க வைத்துவிட்டுப் போன பிறகு, தூக்கத்தை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்ட நாடகம். தமுக்கத்தில் சிலையாக நிற்கிறாரே சங்கரதாஸ் சுவாமிகள், 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர், அவர் கட்டிக்கொடுத்த பாட்டில்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் ஆய்வு என்று உட்கார்ந்தால் முதல் சிக்கல், எந்த வள்ளி திருமணம்? இது ஸ்பெஷல் நாடகம், ஒரே கம்பெனியாக இல்லாமல் அன்றைய இரவுக்காக நடிகர்கள் வந்து சேர்கிற நாடகம். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊர்; ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, ஓர் ஊர்; நாரதர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. பாட்டு சுவாமிகளுடையது, தர்க்கம், அதாவது வாதப் பேச்சு, அன்றைக்கு நாக்கில் வருவது. அதனால் அச்சுப் பிரதி ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, குறைந்தது மூன்று இரவுகளின் மேடையைப் பதிவு செய்து அதன் பக்கத்தில் வையுங்கள். புத்தகத்தை மட்டும் படித்தால் பாதி நாடகம் போச்சு. ஒரே ஓர் இரவை மட்டும் கேட்டால், அன்றைய நடிகரின் வாய்ச் சாமர்த்தியத்தைச் சுவாமிகள் கணக்கில் எழுதிவிடுவோம்.

அடுத்தது முதல், கரு, உரி. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், பறவை, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே நடக்கிற உறவு உரிப்பொருள். எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மலை இருக்கிறது, முருகன் இருக்கிறார், கிளி இருக்கிறது, குறவர் இருக்கிறார்கள், ஆகவே குறிஞ்சி என்று முடித்துவிடுகிறார்கள். பலசரக்குக் கடைச் சீட்டுப் போடுவதற்கு ஆய்வு எதற்கு? முதற்பொருளைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்பது இலக்கணத்தின் முறை. ஆகவே உரியில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கேள்வி போதும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அகப்பாட்டில், அதாவது சங்கக் காதல் பாட்டில், இந்தப் பேச்சை யார் பேசுவார். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். வேடன் வேடத்தில் முருகன் வருகிறார். வந்தவர் 'உன்மேல் ஆசை' என்று சொல்கிறாரா? இல்லை. மானைத் தேடி வந்தேன், இந்தப் பக்கம் வந்ததா என்கிறார். அதுவும் என்ன மான்? மேயாத மான். புல் தின்னாத மான் உலகத்தில் ஏது? திடலில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்குக் கூடத் தெரியும் அது எந்த மான் என்று. ஊர் எது, பேர் எது என்றும் விசாரிக்கிறார்.

இப்போது தொல்காப்பியக் களவியலை, கல்யாணத்துக்கு முந்தைய மறைவான காதலைச் சொல்லும் இயலை, திறந்தால், "ஊரும் பேரும் கெடுதியும் பிறவும்" என்று ஓர் அடி. கெடுதி என்றால் இங்கே தொலைந்துபோன பொருள். தலைவன் ஊரைக் கேட்பான், பேரைக் கேட்பான், தன் அம்பு பட்டு ஓடிய யானையோ மானோ இந்தப் பக்கம் வந்ததா என்பான். பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. ஊர், பேர், தொலைந்த மான்: மூன்றும் நம் மேடையில் அப்படியே இருக்கின்றன. ஒத்திகை இல்லாமல் மூன்று ஊர்க்காரர்கள் ஒரு மேடையில் ஏறி விடியும்வரை நாடகத்தை இழுத்துப்போக முடிகிறதென்றால், இப்படிப் பழகிப்போன துறைகள், அதாவது அகப்பாட்டின் வாடிக்கையான கட்டங்கள், காலடியில் கிடப்பதும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

ஆனால் கவனியுங்கள், தொல்காப்பியத்தில் தலைவன் இதையெல்லாம் கேட்பது தோழியிடம். மறுபடி சொல்கிறேன், தோழியிடம். தலைவியிடம் இல்லை. தோழிதான் அவனை ஆழம் பார்ப்பாள், போகச் சொல்வாள், வரச் சொல்வாள். நம் மேடையில் தோழி வந்தாலும் கிளி விரட்டுவதோடு சரி. தர்க்கம் முழுவதும் வள்ளி வாயில். அகப்பாட்டில் இரண்டு பெண்கள் பகிர்ந்துகொண்ட பேச்சை இங்கே ஒருத்தி பேசுகிறாள். வள்ளி ஏன் இவ்வளவு வாயாடியாக இருக்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. நாணம் தலைவியின் பங்கு, மடக்கிப் பேசுவது தோழியின் பங்கு. இரண்டையும் ஸ்திரீபார்ட் ஒருவரே சுமக்கிறார்.

இன்னொன்று, வேங்கை மரம். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வரும்போது முருகன் வேங்கையாகி நிற்கிறார். மறைவதற்கு ஒரு மரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வேங்கைக்குக் கணி, அதாவது சோதிடன், என்றே பேர் உண்டு. அது பூத்தால் தினை முற்றிவிட்டது என்று பொருள். கதிர் அறுத்தால் காவல் முடியும், பெண் வீட்டுக்குப் போய்விடுவாள், சந்திப்பும் நின்றுபோகும். அகப்பாட்டில் காதலர்களைப் பிரிக்கிற மரம் அது. இங்கே காதலனே அந்த மரம்!

புலவர்கள் ஒரு தடை சொல்வார்கள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று விதி. வள்ளி, முருகன் என்று பெயர் வந்த பிறகு அது எப்படி அகம்? நியாயமான தடைதான். அதனால் 'இது அகப்பாட்டு' என்று எழுதாதீர்கள், 'அகத்துறைகளால் நடக்கிற நாடகம்' என்று எழுதுங்கள். பொருந்தாத இடத்தை அமுக்கிப் பொருத்தினால் ஆய்வே கெட்டுவிடும். தோழியின் பேச்சு வள்ளி வாய்க்குப் போனதை நாம் கண்டுபிடித்ததே பொருந்தாத இடத்தில் நின்று பார்த்ததால்தான்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், நேரம் இல்லை. பெண்ணிய வாசிப்பையும் சேர்த்துச் சொல்ல வந்தேன், யானையை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கிழவனாக வந்த முருகனிடம் வள்ளி மசியவில்லை. உடனே விநாயகர் யானையாக வருகிறார், அவள் பயந்துபோய்க் கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். திணைப்படி இதற்குக் களிறுதரு புணர்ச்சி, அதாவது யானையால் நேர்ந்த கூடல், என்று பேர் சொல்லலாம். 261 அடி கொண்ட சங்கப் பாட்டான கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இது வருகிறது. அங்கே யானை தானாக வருகிறது, தலைவன் காப்பாற்றுகிறான். நம் நாடகத்தில் யானையை வரவழைப்பதே தலைவன், வருவது அவருடைய அண்ணன். திணை வாசிப்பு யானையைக் கண்டதும் துறைக்குப் பேர் வைத்து நகர்ந்துவிடும். பெண்ணிய வாசிப்பு, யானையை அனுப்பியது யார் என்று கேட்கும். அடுத்த முறை நாடகம் பார்க்கப் போனால், யானை வருவதற்கு முன்னால் வள்ளி எத்தனை தடவை மாட்டேன் என்கிறாள் என்று விரல்விட்டு எண்ணி வையுங்கள். வணக்கம்.