கப்பலில் ஏறிய 58 பெட்டிகள்

[திரையில்: மணலி பக்கம் ஒரு சாலை. வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகள். கேமரா ஒரு பெட்டியின் மூலையை நெருங்குகிறது.]

வணக்கம். திருவொற்றியூர், மணலி பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி அத்துபடி. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, நடுவில் நாம். அடுத்த தடவை அப்படி மாட்டிக்கொண்டால், ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் மூலையைப் பாருங்கள். நீள்வட்டமாக ஒரு ஓட்டை தெரியும். லாரியின் தளத்திலிருந்து ஒரு இரும்புக் குமிழ் அடிப்பக்க ஓட்டைக்குள் நுழைந்து, கால் சுற்று திரும்பிப் பூட்டிக்கொள்ளும். எட்டு மூலையிலும் இதே ஏற்பாடுதான். லாரி, ரயில், கப்பல், கிரேன் எதுவானாலும், எந்த நாடானாலும் இந்தப் பூட்டு பொருந்தும்.

உலகத்தை மாற்றியது எது என்று கேட்டால் நாம் உடனே போர்களையும் தலைவர்களையும் சொல்வோம். இந்தக் கண்டெய்னர் பெட்டி கொண்டுவந்த மாற்றத்துக்கு எந்தத் தலைவரும் நாள் குறிக்கவில்லை. அது பாட்டுக்கு வந்து இறங்கியது. வந்த பிறகு யார் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைத் துறைமுகப் படங்கள்.]

முதலில் பழைய முறை. கையில் ஒரு இரும்புக் கொக்கி, தோளில் ஒரு துணி. காப்பி மூட்டை, எண்ணெய் டிரம், மரப்பெட்டி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கப்பலின் வயிற்றில் அடுக்க வேண்டும். அலையில் சரியாமல் அடுக்குவது தனித் திறமை. ஒரு கப்பலை முழுக்க இறக்கி ஏற்ற ஒரு வாரம்கூட ஆகும். கடலில் ஓடிய நாளும் கரையில் கட்டிக் கிடந்த நாளும் ஏறக்குறைய சமம்.

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டியுள்ள நெவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல், மேல்தளத்தில் 58 பெட்டிகளுடன் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன். வட கரோலினாக்காரர், லாரி கம்பெனி நடத்தியவர். கப்பல் தொழிலில் அனுபவம் கிடையாது. அதனால்தான் லாரியின் பெட்டியை மட்டும் கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசிக்க முடிந்தது என்பது என் கட்சி. கையால் ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன செலவு, இதில் 16 சென்ட்டுக்கும் கீழே வந்தது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மூட்டை தூக்குபவருக்குத் தூக்கம் வருமா?

[திரையில்: தேம்ஸ் நதியும் கேனரி வார்ஃப் கட்டடங்களும்.]

லண்டனில் பெட்டிக்கென்றே டில்பரியில் புதிய தளம் கட்டினார்கள். அதில் வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களைச் சம்மதிக்க வைக்கத் தெரியவில்லை. 1968-ல் தொழிற்சங்கம் தடை போட்டது. 1970 வரை இழுபறி. அதற்குள் சரக்கு ஃபெலிக்ஸ்டோ என்ற சிறிய துறைமுகத்தின் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது. செயின்ட் கேத்தரின் 1968-ல் மூடியது, ராயல் டாக்ஸ் 1981-ல். இன்று வங்கிக் கோபுரங்கள் நிற்கும் கேனரி வார்ஃப், ஒரு காலத்தில் கேனரி தீவுகளிலிருந்து பழம் வந்து இறங்கிய இடம்.

[திரையில்: சான் பிரான்சிஸ்கோ, 1934 வேலைநிறுத்தம்.]

இப்போது எனக்குப் பிடித்த ஆள். ஹாரி பிரிட்ஜஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தலைவரானவர். 1934 வேலைநிறுத்தத்தில் பெயர் பெற்றார். கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவரை நாடு கடத்த அரசு பல வருஷம் முயன்றது; இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை போய்த் தப்பித்தார். இப்படிப்பட்டவர் எந்திரத்தை அடித்து நொறுக்கச் சொல்வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர் பேரம் பேசினார். எந்திரம் வரட்டும், ஆனால் அதில் மிச்சமாகும் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும். 1960-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாளிகள் வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட வேண்டும். முழுப் பதிவு பெற்ற யாரையும் எந்திரத்தைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 25 வருஷம் உழைத்து 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 7,920 டாலர் மொத்தமாகக் கையில்.

சரி, எல்லோருக்கும் நல்லது நடந்ததா என்றால், இல்லை. முழுப் பதிவு இல்லாத 'பி' பிரிவு ஆட்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாரம் தூக்கியது எல்லோரும், பணம் சிலருக்கு. பெட்டிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகின. கொடுத்த விலை குறைவோ என்று பலருக்கும் தோன்றியது. 1971-ல் வேலைநிறுத்தம் வெடித்து மொத்தம் 134 நாள் நடந்தது. அதில் பிரிட்ஜஸுக்கே அவ்வளவு ஆர்வம் இல்லை. அவருடைய ஆட்களே அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். இருந்தாலும், வரப்போவதை முன்கூட்டியே பார்த்து, அதற்கு ஒரு விலையும் வைத்தார்.

[திரையில்: தஞ்சோங் பகார், 1972.]

அப்புறம் சிங்கப்பூர். 1965-ல்தான் தனி நாடு. 1968-ல் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானோரின் வேலை போகிற நிலை. தமிழர்கள் தலைமுறைகளாகச் சரக்கு சுமந்த அந்தத் துறைமுகத்தில், உலக வங்கிக் கடனை வைத்துக்கொண்டு, தஞ்சோங் பகார் என்ற இடத்தில் பெட்டிக்கென்று தனித் தளம் கட்டத் துணிந்தார்கள். முன்னின்று தள்ளியவர் துறைமுக வாரியத் தலைவர் ஹாவ் யூன் சோங். கப்பல் வந்தால் தப்பித்தார்கள், வராவிட்டால் கடன்தான் மிச்சம். 1972 ஜூன் 23-ல் 'நிஹோன்' என்ற கப்பல் ரோட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகளுடன் வந்தது. பெரும் வெற்றிதான், ஆனால் தோற்றிருந்தால் அதே முடிவை அசட்டுத் துணிச்சல் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

[திரையில்: துவாஸ் துறைமுகம். ஓட்டுநர் இல்லாத வண்டிகள்.]

இப்போது அந்தத் தஞ்சோங் பகார் தளமும் காலி. வேலை சிங்கப்பூரின் புதிய துறைமுகமான துவாஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே பெட்டியைச் சுமந்து போகும் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை கிடையாது.

2024 அக்டோபர் 1 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மூன்று நாள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை, தானியங்கி எந்திரம் வரக் கூடாது என்பது இன்னொன்று. மூடிக் கிடந்த துறைமுகங்களில் நெவார்க்கும் இருந்தது, ஹூஸ்டனும் இருந்தது.