வாளியும் கடிகாரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீர் பற்றிப் பேச என்னைக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் மேடையில் ஒரு பதாகை கட்டியிருப்பார்கள்: ‘தண்ணீரைச் சேமிப்போம்’. பல வருஷம் நானும் அந்தப் பதாகைக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. மறுக்க அதில் என்ன இருக்கிறது? தெரிந்ததையே திரும்பக் கேட்டால் மனுஷர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் குழாய் பழையபடியே ஓடும்.

இப்போதெல்லாம் பத்து லிட்டர் வாளியோடு போகிறேன். கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்துக் கடிகாரம் பார்க்கச் சொல்வேன். குழாயைத் திறப்பதற்கு முன்னால், “ஒரு நிமிஷத்தில் எத்தனை லிட்டர் விழும்?” என்று கேட்பேன். இரண்டு என்பார்கள், மூன்று என்பார்கள். நிமிஷம் முடிவதற்குள் வாளி நிறைந்து வழியும்போது எழும் சலசலப்பு, என் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அப்புறம் நான் பேசவே வேண்டாம். பல் தேய்க்க எத்தனை நிமிஷம், பாத்திரம் கழுவ எத்தனை என்று அவர்களே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். சொட்டும் குழாயையும் யாராவது பேச்சில் இழுப்பார்கள். விநாடிக்கு ஒரு சொட்டு, சொட்டு கால் மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல்!

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் இருக்கும் விவசாயிகள். 2000-களில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு நடந்த திட்டம் அது. கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று விவசாயிகளே அளந்தார்கள். மழைமானியைப் படித்தார்கள். மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பதையும் அளந்து பார்த்தார்கள். எண்களை ஊர் நடுவில் பலகையில் எழுதிவைத்தார்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் கூடி உட்கார்ந்து, நிலத்தடியில் இருப்பது இவ்வளவு, நாம் நினைக்கிற பயிர்களுக்குத் தேவை இவ்வளவு என்று வரவு செலவு பார்த்தார்கள். இதைப் பயிரிடாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. பல ஊர்களில் நெல் பரப்பு தானாகவே குறைந்தது. அந்தப் பலகையில் இருந்தது தங்கள் கையால் அளந்த எண். அதனால்தான் அதை நம்பினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வெறும் யோசனைகள் எடுபடாது என்பதற்குச் சோதனையே இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்துப் பார்த்தார்கள். சிக்கன வழிகளை மட்டும் அச்சிட்டு அனுப்பிய வீடுகளில் பயன்பாடு அநேகமாக மாறவில்லை. உங்கள் அளவு இது, சுற்றியிருப்பவர்களின் சராசரி இது என்று சேர்த்து எழுதிய வீடுகளில் 5 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

எப்போது பேசத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 2006-இல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் கடும் வறட்சி. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீர் அணையில் கலக்கத் திட்டமிட்டார்கள். விளக்கிச் சொல்லப் போதிய அவகாசம் இல்லை, எதிர்ப்புப் பிரச்சாரம் முந்திக்கொண்டது. வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் கிட்டத்தட்ட அதே வேலையை 2008-இல் தொடங்கினார்கள். ஆனால் அதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பிருந்தே சங்கங்களையும் மருத்துவர்களையும் தேடிப்போய்ப் பேசினார்கள். இன்றும் ஆலையைச் சுற்றிக் காட்டி, கடைசியில் அந்தத் தண்ணீரையே குடிக்கத் தருகிறார்கள்.

சரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து, சமையலுக்குப் போடும் கலர் பொடியில் ஒரு சிட்டிகை கலந்துவிடுங்கள். பதினைந்து நிமிஷம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். பிறகு போய்ப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால், சத்தமே இல்லாமல் தண்ணீர் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலைதான். அப்புறம், மீதிக் கலர் பொடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.